இடது பக்கத்துக் கிட்டார்

காது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்து, "அக்கா, நீங்கள் ரிட்டயர் ஆகிட்டியள்தானே, எங்களுக்கெண்டு ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று கேட்டீர்கள். கருவிகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் வேலையை விட்டு வந்த பிறகு அவை எல்லாம் மாறிவிட்டன. நான் எழுதினால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். ஆகவே தெற்கு லண்டனில் என் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இரண்டு கிழவர்கள் பங்க் இசையைப் பற்றிப் பிடித்த சண்டையை எழுதுகிறேன். அந்தச் சண்டையை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதனால் ஒரு மனிதரின் காது போகப் பார்த்தது.

பங்க் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என்னிடம் வந்த நோயாளிகள்தான் சொல்லித் தந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் இந்த ஊர் இளைஞர்கள் கிழிந்த சட்டையில் ஊசி குத்திக்கொண்டு, மூன்றே மூன்று சுருதியில் உலகம் முழுவதையும் திட்டிப் பாடியது பங்க். அதற்குப் பிறகு அதே ஆட்கள் கொஞ்சம் மூச்சு வாங்கி, இருட்டாகவும் குளிராகவும் வாசித்தது போஸ்ட்-பங்க். எதில் எது முடிந்தது, எதில் எது தொடங்கியது என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு முறை நான் கேட்டுவிட்டு, மூன்று நோயாளிகளுக்கு நேரம் பிந்தினேன்.

அந்தத் தலைமுறைக்கு அறுபது வயது தாண்டியதும் எல்லோரும் வரிசையாக என் பரிசோதனைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றே காதைத் தொலைத்தவர்கள். ஆரம்பத்தில் எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல். நான் குண்டுச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள். இவர்கள் டிக்கெட் எடுத்துச் சத்தத்துக்கு முன்னால் போய் நின்றவர்கள். ஆகவே பரிசோதனை முடிந்ததும் நல்லதொரு பிரசங்கம் வைப்பேன். டெரிக்கும் வைத்தேன்.

டெரி ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நெடிய, எலும்பான மனிதர், மொட்டைத் தலை, எந்த வெயிலிலும் ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன், இடையில் வந்த கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டு. "உங்கள் காதை நீங்களே பாழாக்கியிருக்கிறீர்கள்" என்று முதல் நாள் அவருக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. என் கையிலிருந்த செவித்திறன் வரைபடத்தை வாங்கி, கோடு கீழே விழுந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதில் ஒவ்வொரு டெசிபலும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும் டாக்டர். இந்தப் பள்ளம் டெப்ட்ஃபோர்டில் ஒரு பப்பில் போனது. இது வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில். அன்றைக்கு மழை."

நான் டாக்டர் இல்லை என்று பல தடவை சொல்லியும் அவர் அதை மாற்றவில்லை. அன்று நான் என் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினேன். தன் இழப்பை இப்படி முகவரியோடு சொன்ன ஒருவரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

டெரியோடு எப்போதும் கூட வருபவர் தவராசா அண்ணை. அவர் எங்கள் நோயாளி இல்லை. காது நன்றாகக் கேட்கும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "அவனுக்குத்தான் தங்கச்சி செவிடு. நான் தூணுக்குப் பின்னால நிண்டு கேட்டனான்" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க வந்தவர். ஆர்ச்வேயில் ஒரு அறை. வெள்ளிக்கிழமை ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, அப்படியே நேரே பங்க் கச்சேரிக்குப் போவாராம். அந்தக் காலத்தில் எங்கள் நிறத்தில் ஒருவர் அந்த வரிசையில் நிற்பதே பெரிய விஷயம். ஒரு நாள் நிறவெறி பிடித்த சில மொட்டைத் தலையர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது வரிசையின் முன்னாலிருந்து ஒரு நெடுவல் இறங்கி வந்து, "இவன் என்னோடு வந்தவன்" என்று சொல்லிப் பக்கத்தில் நின்றான். அதுவரை இருவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. அந்த நெடுவல்தான் டெரி.

அன்று தொடங்கிய சிநேகிதம், அன்று தொடங்கிய சண்டை. டெரிக்கு உயிர் டெப்ட்ஃபோர்ட் ரேட்பேயர்ஸ் என்ற குழு. வரி கட்டுவோர் சங்கம் என்பதுபோல ஒரு பெயர்; இரண்டு நிமிடத்தில் ஒரு பாட்டை முடித்துவிட்டுத் துப்பிவிட்டுப் போவார்களாம். அண்ணைக்கு உயிர் கிரே அனெக்ஸ் என்ற போஸ்ட்-பங்க் குழு. "அது யோசிச்சு வாசிக்கிற குழு" என்பார் அண்ணை. "தூங்கி வாசிக்கிற குழு" என்பார் டெரி. ஒருவருக்குக் கேட்காது, மற்றவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. காத்திருப்பு அறை முழுவதும் அவர்கள் குரல்தான்.

இவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு நாள் இருவருக்கும் தனித்தனியாகத் துண்டுக் காகிதம் கொடுத்தேன். நீங்கள் சந்தித்த அன்று பெரிய குழு மேடையேற முன்னர் பாடிய சின்னக் குழு எது, எத்தனை பாட்டு, எழுதுங்கள் என்றேன். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். இரண்டு காகிதத்திலும் ஒரே பெயர். மூன்று பாட்டு. நாலாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போனது. அந்தக் குழு ஒரு இசைத்தட்டுக்கூட வெளியிடாமல் கலைந்துவிட்டதாம். உலகத்தில் யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத மூன்று பாட்டை இந்த இருவரும் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தலைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். எனக்கு மெய்யாகவே புல்லரித்தது. அந்தக் காகிதங்களை என் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.

இவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கச்சேரி முடிந்து வந்தால் காது அடைத்து, உள்ளே 'ங்' என்று இரையும் அல்லவா? அதை வைத்துத்தான் இவர்கள் கச்சேரிக்கு மதிப்பெண் போடுவார்கள். இரைச்சல் மறுநாளே போனால் அது ஒரு நாள் கச்சேரி, சாதாரணம். இரண்டு நாள் நின்றால் நல்ல கச்சேரி. மூன்று நாள் கச்சேரி வாழ்நாளில் ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். இதைக் கேட்டு நான் தலையில் கை வைத்தேன். ஆனால் சிரித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களுடைய சண்டைகளில் மிக மூத்தது ஒரு கிட்டாரைப் பற்றியது. கிரே அனெக்ஸின் முதல் இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு. அந்தக் குழுவில் ஒரே ஒரு கிட்டார்க்காரர்தான். ஆனால் அந்தப் பாட்டில் மட்டும் மிக மெல்லியதாக இன்னொரு கிட்டார் ஒலிக்கிறது என்பது அண்ணையின் கட்சி. "அப்படி ஒன்றும் இல்லை, உன் தலைக்குள் கேட்கிறது" என்பது டெரியின் கட்சி. அண்ணை விடமாட்டார். "இஞ்ச" என்று தன் தலையின் இடது பக்கத்தை விரலால் தட்டிக் காட்டுவார். "இஞ்சதான் நிண்டு வாசிக்கிறான், ஆருக்கும் தெரியாம." எத்தனையோ தடவை அவர் அப்படித் தட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டெரியின் காதுக் கருவியைச் சரிபார்க்கும் நாள். நான் கதவைத் திறந்ததும் டெரி கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"டாக்டர், எழுதி வையுங்கள்! நாற்பது வருடத்தில் முதல் தடவை! ஒத்துக்கொண்டுவிட்டான்!"

அண்ணை வெட்கத்தோடு சிரித்தார். "ஓம் தங்கச்சி. பிழை என்னிலதான். சனிக்கிழமை கிரே அனெக்ஸ் ஆக்கள் திரும்பச் சேந்து வாசிச்சவங்கள், போனனாங்கள். அந்தப் பாட்டில ரெண்டாவது கிட்டார் இல்லை. சரி, ரெக்கோர்டில இருக்கும்தானே எண்டு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைப் போட்டுக் கேட்டன். அங்கயும் இல்லை. இவ்வளவு காலமும் இல்லாத ஒண்டுக்காகச் சண்டை பிடிச்சிருக்கிறன்."

"ஒரு மாதிரி முடிஞ்சுதே, எனக்கும் நிம்மதி" என்றேன் நான்.

இதுதான் நான் விட்ட பிழை. நன்றாகப் பாருங்கள்: எல்லாம் என் கண் முன்னால் இருந்தது. அண்ணை அன்றைக்கு இரண்டு தடவை "என்ன?" என்று திருப்பிக் கேட்டார். வரவேற்பு மேசைப் பெண் அவருடைய இடது பக்கத்திலிருந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டபோது அவர் பேசாமல் இருந்தார். அறையில் சத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நோயாளி இல்லை. அவர் பெயரில் கோப்பு இல்லை. ஆகவே என் கண் அவரைப் பார்க்கவில்லை. டெரியின் கருவியைத் துடைத்து, குழாயை மாற்றி, பதினைந்து நிமிடத்தில் இருவரையும் அனுப்பிவிட்டேன். வழக்கம்போல ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

மத்தியானத்துக்கு முன் கடைசியாக வந்தவர் ஒரு வயதான அம்மா, மகளோடு வந்திருந்தார். மகள் வெளியே போனதும் என் கையைப் பிடித்து, மகள் இரண்டு நாளாகத் தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என்ன கோபமோ தெரியவில்லை என்று கண் கலங்கினார். கருவியைக் கழற்றிப் பார்த்தால் இடது பக்கத்து பற்றரி செத்துக் கிடந்தது. மகள் எப்போதும் இடது பக்கத்தில்தான் இருப்பாராம். பற்றரியை மாற்றியதும் மகளின் கோபம் தீர்ந்துவிட்டது. தாயும் மகளும் சிரித்துக்கொண்டு போனார்கள். நானும் சிரித்துக்கொண்டே சோற்றுப் பெட்டியைத் திறந்தேன்.

முதல் வாய் சோற்றோடு பெட்டியை மூடிவிட்டேன். அந்த அம்மா தன் காது போனதாகச் சொல்லவில்லை. மகள் பேசவில்லை என்றுதான் சொன்னார். அண்ணையும் தன் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிட்டார் இல்லை என்றுதான் சொன்னார்.

பிள்ளைகளே, திடீரென்று ஒரு பக்கத்துக் காது நரம்பு படுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். உடனே மருத்துவமனை. உடனே ஸ்டீராய்டு மருந்து. ஒவ்வொரு நாளும் பிந்தப் பிந்த, காது திரும்பி வரும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். அது கச்சேரி இரைச்சல் மாதிரியே அடைப்போடும் இரைச்சலோடும்தான் தொடங்கும். கச்சேரி சனிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். நாற்பது வருடமாக ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மனிதர் திடீரென்று விட்டுக்கொடுக்கிறார், நான் நிம்மதி என்று சொல்லி அனுப்பி வைத்திருக்கிறேன்.

டெரியின் தொலைபேசிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அது அவருக்கு எப்போதுதான் கேட்டது? குறுஞ்செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. அண்ணையின் இலக்கம் எங்களிடம் கிடையாது. என் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, ஆனால் ஒழுங்கு பிசகாதவர். "அவர் எங்கள் நோயாளி இல்லை. ஒன்றேகாலுக்கு உன் அடுத்த நோயாளி. நீ அவருடைய காதைச் சோதிக்கக்கூட இல்லை. எதை வைத்துச் சொல்லுகிறாய்?" என்று கேட்டார்.

எதை வைத்து? ஒரு கிழவர் ஒரு பாட்டைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார் என்பதை வைத்து. வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பிழையாக இருந்தால் அரை மணித்தியாலம் இரண்டு நோயாளிகளைக் காக்க வைத்த குற்றம். சரியாக இருந்து நான் போகாவிட்டால்? மேசைப் பெண்ணிடம், வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல், அவசரமாக ஒருவரைத் தேடிப் போயிருக்கிறாள் என்று சொல் என்றுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தெருவில் இறங்கினேன். அந்த வயதில் நான் ஓடியதைக் கிளினிக் இருந்த கோலியர்ஸ் வுட்டில் தெரிந்த யாராவது பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குக் கதைத்திருப்பார்கள்.

கடைக்குள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பங்க் ஒரே வருடத்தில் செத்துவிட்டதா, இல்லையா என்பது தர்க்கம். அதில் மூன்று பேரின் காதுக் கருவி நான் பொருத்தியது. நடுவில் டெரி, ஒரு கையால் அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை நடந்தது மூன்று நாள் கச்சேரி, இவனுக்கு இன்னும் இரைச்சல் போகவில்லை என்று பெருமையாக அறிவித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பொறாமையோடு தலையாட்டினார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு அண்ணையின் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, உங்கட இடது காது எப்பிடி?"

அண்ணை என்னைக் கண்டு திகைத்தார். "என்ன தங்கச்சி, இவ்வளவு தூரம்? இடதோ? கொஞ்சம் அடைச்சுக் கிடக்கு. கச்சேரிக்குப் பிறகு வழக்கம்தானே."

"வழக்கமா ரெண்டு காதும் அடைக்கும். இப்ப ஒண்டுதானே?"

அண்ணை காது மடலை இழுத்து விட்டார். "வயசு போட்டுது. ஒண்டு கெதியாத் தெளியும், மற்றது மெதுவாத் தெளியும். நாளைக்குச் சரி வந்திடும். நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ."

இப்படிச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனைக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார். மூன்றாம் நாள் இரைச்சல் அவருக்கு நோய் இல்லை, பரிசு. நான் எத்தனை மருத்துவச் சொல்லைச் சொன்னாலும் அது அந்தப் பரிசைத் தாண்டி உள்ளே போகாது. அவருக்குள் போகக்கூடிய ஒரே வழி எது என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. கல்லாவில் நின்ற கடைக்காரப் பெண்ணிடம், கிரே அனெக்ஸின் முதல் இசைத்தட்டு இருக்கிறதா, இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டைப் போட முடியுமா என்று கேட்டேன். சேலை கட்டிக்கொண்டு அடையாள அட்டையோடு நின்ற ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டதும் கடையில் தர்க்கம் நின்றுவிட்டது. கடைக்காரப் பெண் சுவரிலிருந்து இசைத்தட்டை எடுத்தார்.

வாடிக்கையாளர்கள் கேட்டுப் பார்க்கப் பெரிய ஹெட்போன் ஒன்று அங்கே இருந்தது. அண்ணையின் தலையில் அதை மாட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து, "இல்லை தங்கச்சி. நான்தான் சொன்னனே" என்றார். டெரி வெற்றியோடு கையை உயர்த்தினார்.

நான் ஹெட்போனைக் கழற்றி, அந்தக் கிட்டார் வரவேண்டிய இடது பக்கத்தை வலது காதுக்கும் வலது பக்கத்தை இடது காதுக்குமாகத் திருப்பி மாட்டினேன். கடைக்காரப் பெண் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்ணையின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. அவருடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. நாற்பது வருடச் சிநேகிதனைக் கூட்டத்தில் தொலைத்துத் திரும்பக் கண்டவரின் முகம் அது.

"இருக்கு" என்றார். "தங்கச்சி, இருக்கு! வாசிக்கிறான். இந்தப் பக்கத்தில வாசிக்கிறான்."

விரலால் தட்டிக் காட்டினார், வலது பக்கத்தில். தட்டிய விரல் அங்கேயே நின்றது. அவர் கணக்காளர். இரண்டையும் இரண்டையும் கூட்ட அவருக்கு நேரம் எடுக்கவில்லை. மலர்ந்த முகம் அப்படியே வாடியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது: காதுக்குள் அழுக்குச் சேர்ந்து குறும்பி அடைத்தாலும் காது கேட்காது. வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகச் சொன்னேன். குறும்பி என்றால் அந்த முனகல் அடைத்த காதில்தான் உரக்கக் கேட்கும். நரம்பு என்றால் நல்ல காதுக்குப் போய்விடும். அண்ணை முனகினார்.

"எந்தப் பக்கம் கேக்குது அண்ணை?"

"வலது."

"அப்ப இது கச்சேரி இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். நாளைக்கு ஏலாது. இப்ப."

அவர் உடனே கதவுப் பக்கம் திரும்பினார். டெரிக்கு நான் ஆங்கிலத்தில் மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபோது நான் ஆடினேன் டாக்டர். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அவனுடைய காது போய்க்கொண்டிருந்தது, நான் ஆடிக்கொண்டிருந்தேன்" என்றார். காலையில் நானும்தானே நிம்மதி என்றேன்.

கடையின் காகிதப் பையைக் கிழித்து அதில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ஒரு காது, திடீரென்று, மூன்றாம் நாள், குறும்பி இல்லை. அவசரப் பிரிவில் வாயைத் திறக்க முன்னர் இதைக் காட்டுங்கள் என்று டெரியிடம் கொடுத்தேன். கடைக்காரப் பெண் டாக்சியைக் கூப்பிட்டார். அண்ணை ஏறும்போது டெரி அவருடைய தலை இடிக்காமல் கையை மேலே பிடித்துக்கொண்டார், படுக்கையில் கிடந்த வருத்தக்காரரை ஏற்றுவதுபோல. நான் கிளினிக்குக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போய், காத்திருந்த இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்கள் ஏசியது நியாயம்தான்.

அன்று மாலைக்குள் அண்ணைக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். காலையில் நான் கவனித்திருந்தால் மூன்று மணித்தியாலம் முந்தியிருக்கலாம். அதனால் பெரிய வித்தியாசம் வந்திராது என்று அங்கிருந்த மருத்துவர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு அந்த மூன்று மணித்தியாலம் இன்னும் உறுத்துகிறது.

அண்ணை சோதனைக்கு வரும் வரை மூன்று வாரமும் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். நாங்கள் சத்தம் புகாத ஒரு பெட்டிக்குள் ஆளை இருத்தி, பீப் பீப் என்று சத்தம் அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்கிறோம். அதைத்தான் காது என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு மனிதர் ஆர்ச்வேயில் தனியறையில் ஊரை நினைத்துக்கொண்டு கிடந்த காலத்தில், ஒரு பாட்டின் ஓரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் நின்று வாசித்த ஒரு கிட்டாரைக் கண்டுபிடித்து, அதை வாழ்நாள் முழுக்கக் கைவிடாமல் வைத்திருந்தார். அதுவும் காதுதான். அது இல்லாமல் போன அன்று அவர் காதைச் சந்தேகிக்கவில்லை, தன்னைத்தான் சந்தேகித்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். நோயாளிகள் வெளியே இருந்து எதைப் பற்றி வாயடித்தாலும், கிரிக்கெட்டோ, அரசியலோ, மருமகளோ, ஒரு காதை அங்கேயும் வையுங்கள். நேற்று வரை ஒன்றை அடித்துச் சொன்னவர் இன்றைக்கு மாற்றிச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணை வந்தார். இந்த முறை அவர் பெயரில் கோப்பு இருந்தது. பெட்டிக்குள் இருத்தி இடது காதை மட்டும் சோதித்தேன். கீழ்ச் சுருதியில் மெல்லிய ஒலியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அவர் பொத்தானை அழுத்த, என் பக்கத்து விளக்கு எரிந்தது. இன்னும் குறைத்தேன், எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; கண்ணாடிக்கு அப்பால் இருந்த அண்ணை காணாதபடி குனிந்துகொண்டேன். மேல் சுருதிகளுக்குப் போனேன். விளக்கு எரியவில்லை. கூட்டினேன். எரியவில்லை. எவ்வளவோ கூட்டினேன்.

வெளியே டெரி நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் கதிரையில் இருக்கவேயில்லை. அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொளுவியிலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்கு இடது பக்கம், பின்னால்.

"எவ்வளவு வந்தது?" என்று டெரி கேட்டார்.

"பாதி" என்று உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். "கீழ்ச் சுருதிகள் வந்துவிட்டன. மேல் சுருதிகள் இனி வராது என்றுதான் நினைக்கிறேன்."

டெரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல, அவர் வாழ்நாளிலேயே மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாதி போதும். அந்தக் கிட்டாரை அவன் முழுக்கத் தடித்த கம்பியில், கீழ்ச் சுருதியில்தானே வாசிக்கிறான்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அப்படி ஒரு கிட்டாரே இல்லை என்று நாற்பது வருடமாகச் சத்தியம் பண்ணிய மனிதர்.

ஒற்றைக் காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் வந்த திசை தெரியாது. தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடுவார்கள். அண்ணை தேடவில்லை. ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக, நேரே இடது பக்கம் திரும்பி டெரியைப் பார்த்தார். டெரிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்பதை மறந்துபோய்க் கத்தினார்:

"என்னடா சொன்னனி? திருப்பிச் சொல்லு!"

அன்றைய அறிக்கையின் கடைசி வரியில், படிவத்தில் இடம் இல்லாதபோதும், நான் என் கையால் எழுதினேன்: இடது பக்கம், பின்னாலிருந்து, முணுமுணுப்பு. கேட்டது.